மறுவாழ்வு மையம்: கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடுமா?

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டவர் ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொடமாட்டார். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, சரணம். வீட்டில் சண்டை இல்லை. சம்பளம் முழுசாக வருகிறது. பிள்ளைகள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும், பல வீடுகளில் அன்று ராத்திரியே பழைய கதை தொடங்கிவிடுகிறது. “சாமிக்குப் பயந்து நிறுத்தத் தெரியுதே, பெத்த புள்ளைங்களுக்காக நிறுத்தத் தெரியலையா?” என்று மனைவி கேட்பார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாலை போட்டவரைச் சுற்றி என்னவெல்லாம் மாறியது என்று பாருங்கள். தெருவே அவரை ‘சாமி’ என்று கூப்பிடுகிறது. கூடக் குடித்தவர்கள்கூட அவரை அழைப்பதில்லை. சாயங்காலம் கை பரபரக்கும் அந்த நேரத்தில் பஜனை இருக்கிறது. பக்கத்தில் இன்னும் பத்து இருபது சாமிகள். எப்போது எழுவது, எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் ஒரு கட்டுப்பாடு. பாதி வேலையை அந்த ஏற்பாடே செய்துவிட்டது. ஏற்பாடு கலைந்த நாளில் மனிதர் தனியாக நிற்கிறார்.

குடிபோதை மறுவாழ்வு மையங்கள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான், கூடவே மருந்தையும் மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு. அதனால் “ஒரு மாசம் கொண்டுபோய் விட்டா சரியாகிடுவாரா டாக்டர்?” என்ற கேள்விக்கு நேர்மையான மையம் எதுவும் ஆமாம் என்று சொல்லாது. ஆமாம் என்று கேரண்டி கொடுக்கும் இடமாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். 5.7 கோடிப் பேருக்கு அது உடலையோ குடும்பத்தையோ கெடுக்கும் அளவுக்குப் போயிருக்கிறது, அதிலும் 2.9 கோடிப் பேர் குடியில்லாமல் இருக்கவே முடியாத நிலை. அந்த நிலையில் இருப்பவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை எடுத்தவர் 180இல் ஒருவர். மற்ற 179 வீடுகளுக்கும் மறுவாழ்வு மையம் என்றால் சினிமாவில் பார்த்தது, பக்கத்து வீட்டில் கேட்டது, அவ்வளவுதான்.

ஆம்னி வேன்

தமிழ்நாட்டில் பலர் மையத்துக்குப் போகும் விதம் இது. விடியற்காலை நாலு மணிக்கு வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். மூன்று நான்கு ஆட்கள் இறங்குவார்கள். தூங்கிக்கொண்டிருப்பவரை அமுக்கிப் பிடித்து, கையைக் கட்டி, ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்கென்று தனியாகக் காசு வாங்கும் மையங்கள் உண்டு. இன்னொரு வகை, “கோயிலுக்குப் போறோம்”, “அத்தை வீட்டுக்குப் போறோம்” என்று சொல்லி ஏமாற்றி அழைத்துப்போவது. அடியும் உதையும் வாங்கி அலுத்துப்போன குடும்பம் வேறு வழி தெரியாமல் செய்கிற காரியம்; அவர்களைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் விளைவு இருக்கிறது. அப்படி வந்தவர் முதல் இரண்டு வாரத்தைத் தன் குடியைப் பற்றி யோசிப்பதில் செலவிடுவதில்லை. தன்னைப் பிடித்துக்கொடுத்த மனைவியையும் மச்சானையும் என்ன செய்யலாம் என்று யோசிப்பதில் செலவிடுகிறார்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. வயது வந்த ஒருவர் தானாக வந்து சேரலாம். தானாகவே வெளியேறவும் கேட்கலாம். நிலைமை மோசம் என்று மருத்துவர் நினைத்தால் பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அவர் சம்மதிக்காமல் சேர்க்க வேண்டுமானால், தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கிறார், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருக்கிறார் என்று மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து எழுத வேண்டும். அதுவும் அதிகபட்சம் 30 நாளுக்கு. ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். ‘குடிச்சுட்டு வந்து ராவடி பண்றான்’ என்பது மட்டும் போதாது.

பிறகு எப்படித்தான் அழைத்துப்போவது? போதையில் இருப்பவரிடம் ராத்திரி பேசிப் பயனில்லை. காலையில், டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்க உட்கார்ந்திருப்பாரே, அந்த அரை மணி நேரம் உண்டு. அப்போது பேச வேண்டும். அதுவும் அவர் மதிக்கிற ஒருவர். தாய்மாமனாக இருக்கலாம், பள்ளி வாத்தியாராக இருக்கலாம். குடித்துக் கெட்டு, விட்டு, இப்போது நன்றாக இருக்கிற ஒரு பழைய கூட்டாளி கிடைத்தால் எல்லோரையும்விட அவர் மேல். “இந்தக் கை நடுக்கத்துக்கு ஒருதடவை டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்” என்று ஆரம்பித்தால் போதும். ஆயுசுக்கும் சத்தியம் வாங்கவேண்டியதில்லை. அந்தச் சத்தியத்தை அவர் ஏற்கெனவே பத்துத் தடவை செய்துகொடுத்திருப்பார்.

பையில் என்ன இருக்கிறது?

சேரும் நாளில் முதலில் நடப்பது பைச் சோதனை. இது யாரையும் அவமானப்படுத்த அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட வேண்டும், ஏனென்றால் பலருக்கு முதல் கோபம் இங்கேதான் வருகிறது. மவுத்வாஷ், ஆஃப்டர் ஷேவ், சானிடைசர், இருமல் டானிக் எல்லாம் வெளியே போய்விடும், ஆல்கஹால் கலந்தவை. பிளேடு, பெல்ட், செல்போன் வாங்கி வைக்கப்படும். பேஸ்ட் ட்யூபின் அடிப்பக்கத்தைப் பிரித்து மாத்திரை வைத்து மடித்திருப்பார்களோ என்று அழுத்திப் பார்ப்பார்கள். கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான்: நாலு லுங்கி, சட்டை, மூக்குக்கண்ணாடி, ஆதார் நகல், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரைகள், பழைய மருந்துச் சீட்டுகள்.

அடுத்து டாக்டர் கேட்பார்: “ஒரு நாளைக்கு எவ்வளவு?” “எப்பவாச்சும் ஒரு கட்டிங் சார்” என்று அவர் சொல்வார். பக்கத்தில் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு மெதுவாக, “ரெண்டு குவார்ட்டர் டாக்டர். ஞாயித்துக்கிழமைன்னா மூணு.” ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சாராயச் சத்து. இந்த எண்ணை வைத்துத்தான் முதல் நாள் மருந்தின் அளவு முடிவாகிறது. இங்கே மானத்துக்கு அஞ்சிக் குறைத்துச் சொன்னால் ராத்திரி வலிப்பில் போய் முடியலாம். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, ஊசி ஏதாவது உண்டா என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். “எழுந்ததும் குடிச்சாத்தான் நடுக்கம் நிக்குமா?” என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். அதற்கு ஆமாம் என்பது பதிலானால், இவரை வீட்டில் வைத்து ‘கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திக்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

முதல் ஐந்து நாள்

திடீரென்று குடியை நிறுத்துவது ஆபத்து. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மாலை போட்ட இரண்டாம் நாள் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் ‘ஏதோ சாமி குத்தம்’ என்பார்கள்; அது குடியை நிறுத்தியதால் வந்த வலிப்பு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது நாடே இதைப் பார்த்தது. கேரளத்தில் மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட, ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தமிழ்நாட்டில் ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்துச் செத்துப்போனார்கள் சிலர்.

வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரின் மூளை, மது அமுக்கிவிடுவதை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே ஓடப் பழகியிருக்கும். அமுக்கும் கையை எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசி மிடறுக்குப் பின் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள். மூன்றாம் நாளையொட்டி வருவது இன்னும் மோசம்: நாள் தெரியாது, ஆள் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வது தெரியும். லாரி ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். தையற்காரர் இல்லாத ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இந்தக் கட்டத்தில்தான். கவனிக்காமல் விட்டால் இதில் உயிர் போகும்.

இதையெல்லாம் தடுக்கத்தான் முதல் சில நாள் மருந்து. குளோர்டையசிபாக்சைடு, டையசிபாம், ஈரல் கெட்டிருந்தால் லோரசிபாம். மது அமுக்கிய அதே இடத்தை இவை அமுக்கி, நாளுக்கு நாள் அளவு குறைக்கப்பட்டு, ஏழெட்டு நாளில் பெரும்பாலும் நிறுத்தப்படும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வருவார். “அண்ணே, ரெண்டு கையையும் நீட்டி விரலை விரிங்க.” நடுக்கத்தைப் பார்ப்பார். நெற்றியைத் தொட்டு வியர்வை பார்ப்பார். “இன்னைக்கு என்ன கிழமை? தோல்ல ஏதாச்சும் ஊர்ற மாதிரி இருக்கா? லைட்டு கண்ணைக் கூசுதா?” மொத்தம் பத்து அம்சம், 67 மதிப்பெண். மதிப்பெண் குறையக் குறையத் தேறுகிறவர் என்று அர்த்தம் கொள்ளும் விசித்திரமான பரீட்சை.

குடும்பத்தினர் வழக்கமாகக் கேட்பது ஒன்று: “ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், ரத்தம் சுத்தமாகட்டும்.” குளுக்கோஸ் ரத்தத்தைச் சுத்தப்படுத்தாது. சோறு தண்ணி இல்லாமல் குடித்தே கிடந்தவரின் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். நினைவே தங்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் மற்றது. இது தெரிந்த மருத்துவர் இல்லாத இடத்தில் இந்த ஐந்து நாளைக் கழிக்கக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

நாலாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் பசி திரும்பும். ரெண்டு இட்லிக்கு மேல் இறங்காதவர் ஆறு கேட்பார். இனிப்பு மேல் ஆசை வரும். டீயில் சர்க்கரை கூடும். தூக்கம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. வாரக்கணக்கில் இழுக்கும். அதற்காக வெளியே வந்தபின் மருந்துக் கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கத் தொடங்கினால் ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குக் குடிபோன கதைதான்.

ஹெராயின், வலி மாத்திரைப் பழக்கத்துக்குப் போக்கு வேறு. உடம்பு முறிப்பு, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், தூக்கமின்மை என்று செத்துப்போய்விடுவோம் என்று தோன்றும். பொதுவாக அதனால் மட்டும் உயிர் போவதில்லை. ஆபத்து பின்னால் இருக்கிறது: ஒரு மாதம் விட்டபின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து பழைய நினைப்பில் பழைய டோஸை ஏற்றிக்கொண்டவர்கள்தான் செத்துப்போகிறார்கள். இந்தப் பழக்கத்துக்குப் ப்யூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்தை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூடத் தொடர்வது முறையான சிகிச்சை. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தக் கூடாது. சிகிச்சைக்குப் போனால் போலீஸ் பிடிக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். சிறிதளவு வைத்திருந்த அல்லது பயன்படுத்திய ஒருவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது.

நீளமான பகல்கள்

மருந்து குறைந்து உடம்பு தெளிந்ததும் பகல் நீண்டுவிடுகிறது. காலை ஆறு மணிக்கு டீ, யோகா, பிரார்த்தனை, டிபன், வகுப்பு, குழுப் பேச்சு, சாப்பாடு, கவுன்சலிங், கேரம் போர்டு, சாயங்காலம் குடிநோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏஏ கூட்டம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு மணி அடிக்கும். வெளியே எந்த நேரத்துக்கும் கட்டுப்படாமல் இருந்தவருக்கு இதுவே தண்டனையாகத் தெரியும்.

சிகிச்சையின் மையம் குழுப் பேச்சுதான் என்பது என் எண்ணம். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். வங்கி அதிகாரி பக்கத்தில் கொத்தனார், அவர் பக்கத்தில் கல்லூரிப் பையன். புதிதாக வந்தவர் சொல்வார்: “நான் யார் காசுலயும் குடிக்கலை. நினைச்சா நாளைக்கே நிறுத்திடுவேன்.” கவுன்சலர் ஒன்றும் சொல்லமாட்டார். எதிரே இருப்பவர் சிரிப்பார்: “நானும் இதே நாற்காலியில உக்காந்து இதைத்தான் சொன்னேன் தம்பி. இது மூணாவது தடவை.” டாக்டர் நூறு தடவை சொல்லி ஏறாதது அந்த ஒரு வாக்கியத்தில் ஏறும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது ஏஏ என்னும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடித்தவன் பேச்சைத்தான் குடிப்பவன் கேட்பான் என்பது அதன் அடிப்படை. கடவுள் பேச்சு அதில் கொஞ்சம் தூக்கலாக இருப்பது சிலருக்கு ஒட்டாது. ஒட்டாவிட்டால் வேறு முறைகள் இருக்கின்றன.

எழுதச் சொல்வார்கள். முதலில் குடித்தது எப்போது, குடியால் இழந்தது என்னென்ன, எவ்வளவு செலவு. கடைசிக் கேள்விக்குப் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு குவார்ட்டர் 140 ரூபாய் என்றாலும் நாளைக்கு இரண்டுக்கு 280. வருஷத்துக்கு ஒரு லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம். அடகில் மூழ்கிய தாலிச் சங்கிலியும் கந்துவட்டியும் இந்தக் கணக்கில் சேராது.

மூன்றாவது வாரம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வாரம். முகம் தெளிந்திருக்கும், எடை கூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அம்மாவிடம் கையைப் பிடித்து அழுவார்: “நான் திருந்திட்டேம்மா, கூட்டிட்டுப் போயிடு. இங்க பைத்தியங்களோட இருக்க முடியல.” பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் உணர்கிறார். அம்மா உருகிவிடுவார், கையெழுத்துப் போட்டு அழைத்துப்போய்விடுவார். மையத்தில் நன்றாக இருப்பது பெரிய சாதனை இல்லை. அங்கே குடிக்க ஒன்றும் கிடையாது. குடிக்குக் கீழே ஒளிந்திருந்த மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அது வெளியே தெரிவதும் இந்த வாரங்களில்தான். அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க மனநல மருத்துவருக்கு நேரம் வேண்டும்.

வீட்டில் இருப்பவருக்கும் வகுப்பு

“குடிக்கிறது அவரு. எனக்கு எதுக்கு கவுன்சலிங்?” இதைக் கேட்காத மனைவி இல்லை. தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சையே ஒரு மனைவியிடமிருந்து வளர்ந்தது என்று சொல்லலாம். டி.டி.கே. குடும்பத்து மருமகளான சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980இல் அவர் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஊருக்கு டி.டி.கே. ஆஸ்பத்திரி. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நோயாளிக்கு இணையாகக் குடும்பத்துக்கும் தனியாக வகுப்பு நடத்துவதை அந்த மருத்துவமனை சிகிச்சையின் பகுதியாகவே வைத்தது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திவரும் முகாம்களில் ஆளை ஊரைவிட்டுப் பிரிக்காமல் ஊருக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை தருகிறார்கள்.

அந்த வகுப்பில் மனைவி தெரிந்துகொள்வது சங்கடமானது. ஆபீசுக்குப் போன் போட்டு “அவருக்குக் காய்ச்சல்” என்று சொன்னது, கடன்காரனுக்குத் தன் தோட்டை விற்றுக் கொடுத்தது, வாந்தியைத் துடைத்துப் படுக்கவைத்தது, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் காப்பி கொடுத்தது எல்லாம் அன்பில் செய்தவை. அவற்றால் அவருக்குத் தன் குடியின் முழு விலை கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. இனி கடன்காரர் வந்தால் “அவரையே கேளுங்கண்ணே” என்று சொல்லப் பழக வேண்டும். சொல்வது சுலபம். மாமியார் பக்கத்தில் நின்று ‘புருஷனை விட்டுக்கொடுக்கிறா’ என்று பேசும் வீட்டில் அதைச் செய்வது சுலபமில்லை. மாமியாரையும் வகுப்புக்கு அழைத்துவரச் சொல்வார்கள், வந்தால் நல்லது.

குடிப்பவர் பெண்ணாக இருந்தால் வகுப்பில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. சேர்த்துவிட்டுப் போன கணவர் திரும்பி வருவதில்லை. பெண்களுக்கென்று தனி வார்டு வைத்திருக்கும் இடங்களும் குறைவு.

பூட்டும் பலகையும்

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஏசியையும் பார்த்து ஏமாற வேண்டாம். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்குவீர்கள் என்று கேளுங்கள். வார்டை உள்ளே போய்ப் பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள். ‘மூணு மாசத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது’ என்பது ஒழுக்கமும் இல்லை, சிகிச்சையும் இல்லை. வெளியாரோடு தொடர்புகொள்ளும் உரிமை நோயாளிக்குச் சட்டத்திலேயே உண்டு. பழைய நோயாளிகளையே கவுன்சலராக வைத்திருப்பார்கள். பயிற்சி பெற்றவராக இருந்தால் அவரைப்போல் உதவுகிறவர் இல்லை. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் கையில் கம்பு மட்டும் இருந்தால் அது லாக்கப். அடித்தே ஆளைக் கொன்ற மையங்களின் செய்தி இங்கே வருஷம் தவறாமல் நாளிதழில் வருகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்தது நினைவிருக்கும். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். 2017 சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியைத் தடைசெய்கிறது. கட்டாய மொட்டை கூடாது. விரும்பினால் சொந்த உடையை உடுத்திக்கொள்ளலாம். பித்துநிலையில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவரைக் கொஞ்ச நேரம் கட்டுப்படுத்த நேரலாம். அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், காரணம் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும்.

செலவு இல்லாமலும் வழி இருக்கிறது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகளிலும் குடிநோய் சிகிச்சை உண்டு. 2025இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. மத்திய அரசின் நிதி பெறும் தொண்டு நிறுவன மையங்களிலும் இலவசம். தனியாரில் மாதம் சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தொடும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பி இறங்கிவிட வேண்டாம். மனநோயை உடல்நோய்க்கு இணையாக நடத்தச் சட்டம் சொன்னாலும், பல பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் குடி, போதை சிகிச்சை இன்னமும் உட்கார்ந்திருக்கிறது. பாலிசித் தாளைப் பிரித்துப் படித்துவிட்டுச் சேருங்கள்.

கேட்டுக்கு வெளியே

டிஸ்சார்ஜ் நாளில் கையில் மாத்திரைச் சீட்டு இருக்கும். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட். இன்னொன்று டைசல்ஃபிராம், சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் விழும். டென்மார்க்கில் 1940களில் குடிக்கு மருந்தானது இது. தெரிந்து, சம்மதித்து, ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்தபின் எடுத்துக்கொண்டால் சிலருக்கு நல்ல வேலி. ‘அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்’ என்று மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பொடி வாங்கினால், அதில் இந்த மருந்து இருக்கலாம். தெரியாமல் குடித்தவர் சாகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம்வரை அந்த வேதிவினைக்கு வாய்ப்புண்டு.

வெளியே முதல் தொல்லை நண்பர்கள் இல்லை, சம்பள நாள். அடுத்தது துக்க வீடு. பந்தலுக்குப் பின்னால் பங்காளிகள் டம்ளரோடு நிற்பார்கள், மறுத்தால் ‘செத்தவனுக்கு மரியாதை இல்லையா’ என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது, எந்தப் பக்கமாக எழுந்து போவது என்று மையத்திலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வர வேண்டும். முதல் ஆறு மாதம் ஏடிஎம் கார்டு மனைவியிடம் இருக்கலாம், அவரே கொடுத்தால். பிடுங்கி வைத்துக்கொண்டால் அது ஒரு சண்டைக்கு முதல்.

இவ்வளவுக்குப் பிறகும் பலர் மறுபடி குடிப்பார்கள். அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் இதை 40 முதல் 60 சதவீதம் என்று சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தை விட்டு மறுபடி படுப்பவர்களின் விகிதம் இதைவிடக் கொஞ்சம் அதிகம். ஒருநாள் சறுக்குவதை மையங்களில் ‘ஸ்லிப்’ என்பார்கள். அன்று ராத்திரி வீட்டில் விசாரணை வேண்டாம், அவர் தூங்கட்டும். காலையில் கவுன்சலருக்குப் போன் செய்துவிட்டு, சீட்டோடு டாக்டரிடம் போக வேண்டும். தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டார் என்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த முயல வேண்டாம். குடித்து நிறுத்தி, குடித்து நிறுத்தி வரும் உடம்பில் வலிப்பு ஒவ்வொரு முறையும் சுலபமாக வரும். அந்த வேளையில் யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால் போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416 இரண்டையும் கூப்பிடலாம். டெலி மானஸில் தமிழிலேயே பேசுவார்கள். முன்பு சேர்ந்த மையத்தில் அவருடைய ஃபைல் இருக்கும், எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எத்தனையாவது நாள் கஷ்டப்பட்டார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இரண்டாம் முறை சேர்க்கும்போது டாக்டர் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்.